பொட்டு வைத்தோம், பிரித்துப் பார்க்கவில்லை

நைனா,

இதை நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால் நீ "சொல்லும்மா, கேட்டுகினுதான் கீறேன்" என்பாய். கண் மட்டும் போனை விட்டு நகராது. அதுவுமில்லாமல் நான் சொல்லப்போவதில் என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் இல்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னால் பாதியில் பேச்சை மாற்றி, காபி போடுகிறேன் என்று எழுந்து போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் இருபது வருடமாகக் கம்பெனி ஸ்டோர் ரெஜிஸ்டரைத் தவிர வேறெதையும் எழுதாத கை, இன்று லீவு போட்டுவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். விஷயத்தையாவது நேராகச் சொல்லப் பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் நித்யாவும் கல்யாணப் பத்திரிகை யார் யாருக்கு என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பெண் ஒவ்வொரு பெயருக்கும் "இவங்க உங்களுக்கு இன்னா முறை?" என்று கேட்டுக் கேட்டு எழுதினது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நான் கீரை ஆய்ந்துகொண்டே, "ஐயப்பன்தாங்கல் அத்தைக்கு ஒண்ணு எழுதிக்கோ" என்றேன். நீ லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாய்: "எங்கப்பா துட்ட முழுங்கினவங்களுக்குப் பத்திரிக ஒண்ணுதான் கொறச்சல்." நித்யா உன்னைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

'முழுங்கின' என்ற அந்த வார்த்தை உன்னுடையது இல்லை நைனா. என்னுடையது. நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது, உனக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டே நான் சொன்னது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சொன்னது. இருபது வருடம் கழித்து அது ஒரு எழுத்து மாறாமல் உன் வாயிலிருந்து வந்து விழுந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு புதுப்பெண் இந்த வீட்டுக்கு வருவதற்குள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் மனையிலிருந்து தொடங்குகிறேன். உன் அப்பாவின் அப்பா பாரிவாக்கத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். வயல்காரர் நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டுக் கிளம்பியபோது, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் கடைசி மூலையில் இரண்டு கிரவுண்டை இவருக்குச் சல்லிசாக எழுதிக் கொடுத்தார். நீ போன மாதம் பில்டரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாயே, அதே மனைதான். அவர் உயில் எதுவும் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி அதற்கு முன்பே போய்விட்டார். மிஞ்சியது இரண்டு பிள்ளைகள்: உன் அப்பாவும், அவருக்கு ஐந்து வயது இளையவளான தங்கை மல்லிகாவும். அவள்தான் உன் ஐயப்பன்தாங்கல் அத்தை. சட்டப்படி ஆளுக்கு ஒரு கிரவுண்டு.

ஆனால் நம் பக்கம் சட்டத்துக்கு மேலே ஒரு வழக்கம் உட்கார்ந்திருந்தது. கட்டிக்கொடுத்த பெண், அப்பன் சொத்தில் எனக்கு எதுவும் வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். அதற்கு அண்ணன் வீட்டிலிருந்து தாம்பாளத் தட்டு போகும். வெற்றிலை பாக்கு, பழம், பூ, ஒரு புடவை. போட மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் நாளைக்கு அவள் பிள்ளைக்குக் காது குத்த தாய்மாமன் மடி கிடைக்காது. பிறந்த வீடு என்று சொல்லிக்கொண்டு ஒரு தீபாவளிக்கு வந்து நிற்க முடியாது. இதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருந்தோம்.

உன் அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "அவளுக்கு ஒரு கிரவுண்டு உட்ருலாமே, வாடக ஊட்ல கீறா" என்றார். நான்தான் சாமியாடினேன். "அவ கல்யாணத்துக்கு நீ செஞ்சது பத்தாதா? நாளைக்கி நம்ம புள்ளைக்கி இன்னா குடுப்ப?" என்று கேட்டேன். நீ அப்போது என் வயிற்றில்கூட இல்லை. பிறக்காத உன்னைக் காட்டித்தான் அவள் பங்கை வாங்கினேன். கல்யாணமாகி வந்து இரண்டு வருடம், ஒற்றை அறையில் குடித்தனம்; எனக்கும் பயம் இருந்தது. ஆனால் பயத்தை விட ஆசை பெரிதாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

புடவையும் நான்தான் எடுத்தேன், ஆடித் தள்ளுபடியில். ஆடி மாதம் பத்திரம் பதியக் கூடாதே, அதனால் ஆவணி பிறக்கும் வரை பீரோவில் வைத்திருந்தேன். கவர் மேலிருந்த தள்ளுபடி ஸ்டிக்கரைத் தேங்காயெண்ணெய் தடவிச் சுரண்டினேன். காகிதம் வந்துவிட்டது, பிசுபிசுப்பு போகவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் தட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம். பதிவு அலுவலகத்தில் பேனாவுக்கு அலைய வேண்டாம் என்று, நீல மூடி போட்ட பேனா ஒன்றையும் வெற்றிலை மேல் வைத்திருந்தேன். அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு. மல்லிகா தட்டை வாங்கினாள். கவரைத் தடவிப் பார்த்தாள், விரல் ஒட்டிக்கொண்டது. "ஆடில எட்த்தியா அண்ணி?" என்று கேட்டுச் சிரித்தாள். "கலரு நல்லா இருந்துச்சு" என்றேன். பூந்தமல்லிக்குப் போய் அந்தப் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டாள். என் கல்யாணத்தில் உன் அப்பா தாலியின் முதல் முடிச்சைப் போட்டதும் அடுத்த முடிச்சுகளை நாத்தனாராக நின்று போட்டவள் அவள். அதே கை. வெளியே வந்ததும் உன் அப்பா மூன்று பேருக்கும் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். அவர் மட்டும் குடிக்கவில்லை.

இப்போது இன்ஷூரன்சுக்கு வருகிறேன். உன் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் பர்மனென்ட் ஆன புதிதில், கேன்டீனுக்கு வந்த ஏஜென்ட் ஒருவரிடம் பாலிசி எடுத்தார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அவருக்கு இருந்த ஒரே கவலை தங்கச்சியைக் கரையேற்றுவது. அதனால் தனக்கு ஏதாவது ஆனால் பணம் யார் கைக்குப் போக வேண்டும் என்ற இடத்தில் 'மல்லிகா, தங்கை' என்று எழுதினார். அதில் ஒரு தப்பும் இல்லை. பிறகு என்னைக் கட்டினார், தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தார், நீ பிறந்தாய். ஒரு வருடம்கூடத் தவறாமல் பிரீமியம் கட்டினார். அந்தப் பெயரை மட்டும் யாரும் தொடவில்லை.

அந்தப் பாலிசி நம் வீட்டில்தான் இருந்தது. சரஸ்வதி பூஜைக்கு உன் பாடப் புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் மனைப் பத்திரம், பேங்க் புத்தகம், ரேஷன் கார்டு, பாலிசி எல்லாவற்றையும் வைப்பேன், நினைவிருக்கிறதா? பிளாஸ்டிக் கவர் மேல் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைப்பேன். கற்பூரம் காட்டுவேன். மறுநாள் எடுத்துத் துடைத்து மறுபடி பீரோவில் பூட்டுவேன். பதின்மூன்று பூஜை அப்படி நடந்தது. ஒரு தடவையாவது அந்தக் கவரைப் பிரித்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேனா? எனக்கென்ன படிக்கத் தெரியாதா? எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். சாமி முன்னால் வைத்தாயிற்று, இனி அது சாமி பொறுப்பு என்று இருந்துவிட்டேன். சாமிக்கு ஆயிரம் வேலை, நைனா. நம் படிவத்தைப் பூர்த்தி செய்ய அது வராது.

உனக்கு ஒன்பது வயது. மதிய ஷிப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த உன் அப்பாவுக்கு முப்பத்தெட்டு வயது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, உனக்கே தெரியும். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஏஜென்ட் வந்தார். கவரைப் பிரித்தார், காய்ந்த சந்தனம் அவர் வேட்டியில் உதிர்ந்தது. விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். "நாமினி உங்க பேரு இல்லியேம்மா" என்றார். எனக்கு அந்த வார்த்தையே அன்றுதான் அறிமுகம்.

பணம் மல்லிகாவின் கணக்குக்குப் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வந்தாள். கையில் பேங்க் புத்தகம். உட்காரக்கூட இல்லை.

"அண்ணி, சுத்தி வளச்சுப் பேச எனுக்குத் தெரியாது. பாதி புள்ளைக்கி. பாதி எனுக்கு."

"இது உங்கண்ணன் உசுரு துட்டு மல்லிகா. இதுலயா பங்கு கேக்குற?"

"எங்கண்ணன் துட்டுதான். அந்த மன மட்டும் எங்கப்பன் துட்டு இல்லியா? பொடவ வச்சு, பேனா வச்சு எழுதி வாங்கினு போனீங்களே, அன்னிக்கி ஒரு வார்த்த பேசினனா? பேசி இருந்தா அண்ணன் மூஞ்சில முழிக்க முடியாதுன்னு வாய மூடிகினு போட்டேன். இப்ப அண்ணனே இல்ல."

நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எழுதும் அளவுக்கு அது நல்ல பேச்சு இல்லை. அவள் அழுதுகொண்டே கேட்டாள், ஆனால் அசையவில்லை. மறுநாள் என்னை பேங்குக்குக் கூட்டிக்கொண்டு போய், உன் பாதியை உன் பெயரில், என்னைக் காப்பாளராக வைத்து டெபாசிட் போட வைத்தாள். என் கையில் கொடுக்கவே இல்லை. பேங்க் வாசலில் நின்று, "புள்ள தலையெடுக்கற வரைக்கும் இத்த நீயும் தொடக்கூடாது, நானும் தொடக்கூடாது" என்றாள். "என் வாசப்படிய நீ இனிமே மிதிக்காத" என்றேன். அவள் மிதிக்கவில்லை.

அன்று மாலை உனக்குச் சோறு ஊட்டும்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அத்தை ஏன் வரவில்லை என்று நீ கேட்டாய். பாதி எடுத்துக்கொண்டாள் என்று சொல்லவில்லை. பாதி கொடுத்தாள் என்றும் சொல்லவில்லை. ஏன் எடுத்தாள் என்று சொன்னால் புடவைக் கதையைச் சொல்ல வேண்டி வரும். முழுங்கிவிட்டாள் என்பது ஒரே வார்த்தையில் முடிந்தது. நீ என் பிள்ளை, நம்பினாய்.

இனிமேல் சொல்வதுதான் உனக்கு வேடிக்கையாக இருக்கும். அந்த டெபாசிட் ஐந்து வருடம் கிடந்தது, மறுபடி ஐந்து வருடம் போட்டேன். அது முதிர்வதற்குள் உனக்குப் பதினெட்டு ஆனதும் உன்னை பேங்குக்கு இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் உன் பெயருக்கு மாற்றினேன். நீட்டிய இடத்திலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டாய். (அத்தை ரத்தம்தான், சந்தேகமில்லை.) எங்கள் கம்பெனி அக்கவுண்ட்ஸில் இருந்த ஒரு சார், வயசுப் பையன் பணம், அவசரமில்லை, பாதியை மியூச்சுவல் ஃபண்டில் போட்டு மறந்துவிடுங்கள் என்றார். போட்டோம். கொரோனா வந்து மார்க்கெட் குப்புற விழுந்தபோது நீ ராத்திரி பகல் அதையே பார்த்துக்கொண்டு, "எடுத்துடலாம்மா, இருக்கறதாச்சும் மிஞ்சும்" என்றாய். நான் "தொடாதே" என்றேன். அவ்வளவு கோபமாக ஏன் சொன்னேன் என்று உனக்குப் புரிந்திருக்காது. அது என் குரல் இல்லை, பேங்க் வாசலில் கேட்ட மல்லிகாவின் குரல். போன வருடம் அதிலிருந்து ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எப்டிம்மா இத்தினி வருசம் பொறுமையா கைய வைக்காம இருந்த?" என்று கேட்டாயே, நானும் பெரிய ஞானி மாதிரி சிரித்தேனே, அது பொறுமை இல்லை நைனா. வீம்பு. கூரை ஒழுகியபோதும், எனக்கு ஆபரேஷன் என்றபோதும் நான் அதைத் தொடாததற்குக் காரணம், தொட்டால் 'பாத்தியா, தின்னுட்டா' என்று மல்லிகா சொல்லிவிடுவாளே என்பதுதான். அவளுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்கக் கூடாது என்று இருபது வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வீம்பு இல்லாத இடத்தில் என் லட்சணம் என்ன என்று உனக்குத் தெரியும். என் இரண்டு வளையலை விற்று, மூன்று வருடத்தில் இரட்டிப்பு என்று சொன்ன தெருக்கோடி அம்மாவிடம் கொடுத்தேன். பத்தாம் மாதம் அந்த வீட்டில் பூட்டுதான் இருந்தது. அதனால் நீ யாரிடமும் என்னைப் பொறுமைசாலி என்று சொல்லிக்கொண்டு திரியாதே. உனக்கு வேண்டுமானால் ஒன்று சொல்கிறேன்: நீண்ட நாள் வைக்க வேண்டிய பணத்துக்குப் பக்கத்தில், 'தொடாதே' என்று சொல்ல ஒரு ஆளை வைத்துக்கொள். புத்தி சில நாள் லீவில் போய்விடும். எனக்கு மல்லிகா இருந்தாள். உனக்கு நித்யா இருக்கட்டும். அந்தப் பெண்ணுக்கு உன்னை விட நிதானம் இருக்கிறது, பார்த்தாலே தெரிகிறது.

ஒன்றரை வருடத்துக்கு முன் நீ முதல் தடவை பில்டர் பேச்சை எடுத்த பிறகுதான் நான் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லியில் ஒரு பத்திர எழுத்தரிடம் போனேன். அவர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பட்டா இன்னும் உன் தாத்தா பெயரில் இருந்தது. செத்தவர் பெயரில் மனை, பிழைத்தவர்கள் கையில் வெறும் காகிதம். வாரிசுச் சான்று வாங்கி, பட்டா மாற்ற எனக்கு ஒரு வருடம் ஆனது. உன்னிடம் இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினேன், அதையும் நீ படிக்கவில்லை. இப்போது அந்த மனையில் ஒரு கிரவுண்டு உனக்கு, ஒரு கிரவுண்டு எனக்கு. அங்கே இருந்த வக்கீல் ஒருவரிடம் பழைய கதையைச் சொன்னேன். "நாமினின்னா வாங்கிக் கைல குடுக்கறவங்கதாம்மா, பாத்தியதக்காரங்க இல்ல. நீங்க அப்பவே கேஸ் போட்டிருந்தா மொத்தமும் உங்களுக்கும் பையனுக்கும்தான்" என்றார். விடுதலைப் பத்திரமும் செல்லும் என்றார். ஆக, சட்டம் இரண்டு இடத்திலும் என் பக்கம். இதைக் கேட்டு நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். பத்திரங்களைப் பையின் அடியில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு உன்னிடம் சொல்லாமல் ஒரு உயில் எழுதினேன். என் கிரவுண்டு எனக்குப் பிறகு மல்லிகாவுக்கு என்று. பக்கத்து வீட்டம்மா சாட்சிக்கு வர மாட்டேன் என்றுவிட்டார்: "இன்னா அவசரம் உனுக்கு? எழுதி வச்சா எமன் வந்து படிச்சுகினு நிப்பான்." நான், "படிக்கட்டும், நாமதான் எதையும் படிக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு, கம்பெனியிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தியில் தூங்கினேன்.

அந்தத் திருப்தியும் நிலைக்கவில்லை. போன மாதம் ஐயப்பன்தாங்கல் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். இரண்டு சீட் தள்ளி, மடியில் மளிகைப் பை. தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. அவளும் பார்த்துவிட்டாள். இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். டிப்போ வந்ததும் இறங்க எழுந்தவள், என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்று, என்னைப் பார்க்காமல், முன்னால் பார்த்தபடியே, "புள்ளைக்கி கல்யாணமாமே. நல்லா இருக்கட்டும்" என்றாள். இறங்கிப் போய்விட்டாள். அவள் இன்னும் அதே டிப்போ பின்னால் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். அவள் எடுத்துக்கொண்ட பாதி, மகளின் நர்சிங் படிப்புக்குப் போனது என்று யாரோ சொன்னார்கள். அவளுக்கு ஐம்பத்துமூன்று, எனக்கு ஐம்பத்தைந்து. நான் செத்த பிறகு அவளுக்கு மனை கிடைக்கும் என்று எழுதியிருக்கிறேனே, அதில் யாருக்குச் சௌகரியம்? எனக்குத்தான். அவள் முகத்தைப் பார்க்க வேண்டாம், மன்னிப்பு கேட்க வேண்டாம். நான் கண்ணை மூடிய பிறகு வக்கீல் பார்த்துக்கொள்வார். கற்பூரம் காட்டிப் பூட்டி வைத்த மாதிரிதான் இதுவும்.

அதனால் இருக்கும்போதே கொடுக்கப் போகிறேன். பத்திர எழுத்தர், "நாத்தனார் குடும்பக் கணக்குல வராதும்மா, ஸ்டாம்ப் செலவு ஜாஸ்தி ஆவும், உயிலே போதும்" என்றார். குடும்பத்தில் சேராதவள் என்று நானும் இருபது வருடம் சொல்லிக்கொண்டிருந்ததற்கு அது அபராதம் என்று வைத்துக்கொள்கிறேன். செலவுக்கு என் பி.எஃப். இருக்கிறது. இன்ஷூரன்ஸில் பாதி எடுத்துக்கொண்டாளே, அதைக் கழிக்க வேண்டாமா என்று நீ கேட்பாய். நானும் மனதுக்குள் கழித்துக் கூட்டிப் பார்த்துத்தான் இத்தனை வருடம் வீணாக்கினேன். இனி கூட்டப் போவதில்லை.

இதில் உனக்கு நஷ்டம் இருக்கிறது. மறைக்க மாட்டேன். ஒரு கிரவுண்டு போனால் பில்டர் வர மாட்டார். நீயும் நித்யாவும் போட்ட கணக்கில் ஃபிளாட் கடனைச் சீக்கிரம் முடிப்பதாக இருந்தது, அது தள்ளிப்போகும். சட்டப்படி என் பங்கை நான் யாருக்கும் கொடுக்கலாம், உன்னைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் உன்னைக் கேட்காமல் கொடுத்தால், நாளைக்கு நீ என் மேல் இருக்கும் கோபத்தை அவள் மேல் காட்டுவாய். உன் பிள்ளைக்கும் சோறு ஊட்டும்போது ஒரு வார்த்தை சொல்லுவாய். அது வேண்டாம். கோபம் வந்தால் என்னிடம் வந்து கத்து. எனக்குக் கேட்டுப் பழக்கம்தான்.

இன்னொன்று. நீ வேலையில் சேர்ந்த அன்று கம்பெனி படிவத்தில் எல்லா இடத்திலும் நாமினி அம்மா என்று போட்டுவிட்டு, போனில் எனக்குக் காட்டினாய். அன்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கல்யாணம் முடிந்த அடுத்த வாரமே அந்தப் பெயரை எடுத்துவிட்டு நித்யா பெயரைப் போடு. பி.எஃப்., இன்ஷூரன்ஸ், ஃபண்டு, பேங்க், எல்லாவற்றிலும். போட்டுவிட்டு அவளிடம் காட்டு. சின்னதாக ஒரு உயிலும் எழுதி வை. உனக்கு இருபத்தொன்பது ஆகிறது, உன் அப்பாவுக்கு அந்த வயதில் நீ பிறந்துவிட்டாய். என் பெயரை அழிக்க உனக்குக் கை வராது என்று தெரியும். எனக்கும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன் அப்பா என் மேல் உயிரையே வைத்திருந்தார், ஒரு பெயரை மாற்ற மறந்தார். பிறகு நானும் மல்லிகாவும் அடித்துக்கொண்டது அந்த ஒரு வரியில் தொடங்கியது. நித்யாவை நான் அந்த இடத்தில் நிறுத்த மாட்டேன். சரஸ்வதி பூஜைக்குப் பொட்டு வைப்பதை விட வேண்டாம், அது எனக்கும் பிடிக்கும். வைப்பதற்கு முன் கவரைப் பிரித்து இரண்டு பேரும் சத்தமாகப் படியுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. வரும் வெள்ளிக்கிழமை நீ லீவு போட்டுவிட்டு ஐயப்பன்தாங்கலுக்குப் போக வேண்டும். நித்யாவையும் கூட்டிக்கொண்டு போ. "இவங்க உங்களுக்கு இன்னா முறை" என்று அவள் கேட்டால், எங்கப்பாவின் ஒரே தங்கச்சி என்று சொல். நான் வெளியே ஆட்டோவில் இருக்கிறேன். உள்ளே வரச் சொன்னால் வருகிறேன். சொல்லாவிட்டால் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். அது அவள் வாசற்படி, அவள் இஷ்டம். நல்ல பட்டுப்புடவையாக எடு, ஆடி வரைக்கும் காத்திருக்காதே. கவரில் ஸ்டிக்கர் இருந்தால் விலையோடு அப்படியே இருக்கட்டும். தட்டில் வெற்றிலை வை, பழம் வை, பூ வை, பத்திரிகையை மேலே வை.

பேனா வைக்காதே. இந்தத் தடவை கையெழுத்துப் போட வேண்டியவள் நான். பேனா என் கைப்பையில் இருக்கிறது.

உன் அம்மா